எறும்புகள் வெளியேறும் வரை

நான் வேலை பார்க்கும் வேலூர்க் கல்லூரி நூலகத்துக்குப் புதிதாக வந்த புத்தகங்களுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தேன். முதல்வர் அறையிலிருந்து ஆள் வந்து, "மேடம், உங்களுக்குத் திருணாமலேர்ந்து போன்" என்றார். அம்மாவாக இருக்க முடியாது. அம்மாவுக்குத் தொலைபேசியைத் தொடுவதற்கே பயம். போய் எடுத்தேன். பழக்கமில்லாத ஒரு பெண் குரல்.

"ராஜமதி டீச்சர் ஸ்கூல்லேர்ந்து பேசறேங்க. டீச்சர் தவறிட்டாங்க. காமாலை ஜாஸ்தியாயிடுச்சு. ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும்னு அவங்க அப்பா சொல்றாரு. நீங்க வர்றதா இருந்தா இப்பவே பஸ் ஏறிடுங்க."

வேலூரிலிருந்து போளூர் வரை பஸ்ஸில் கையில் ஒரு புத்தகம் இருந்தது. எந்தப் பயணத்திலும் இருக்கும். அன்று அதைத் திறக்கவில்லை. போளூரில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, அந்தச் சமண கிராமத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. ஆனால் எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

வாசலில் போட்டிருந்த பெஞ்சில் லோகாம்பாள் அம்மா உட்கார்ந்திருந்தார். நாங்கள் படித்த கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சென்னையிலிருந்து வாடகைக் கார் பிடித்து வந்திருந்தார். பக்கத்தில் உட்காரச் சொன்னார். பிறகு சொன்னார்:

"நம்ம பழைய பொண்ணுங்களுக்கெல்லாம் நீ எழுதி அனுப்பு. உத்தமி, தியாகின்னு எழுதி முடிச்சுடாதே. நானும் அவளும் சண்டை போட்டதையும் எழுது."

அவர் சொன்னபடி எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் சென்னையில் பெண்கள் கல்லூரி ஒன்றில் சேர்ந்தபோது, ராஜமதி அக்கா எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தார். விடுதியில் எனக்கு அடுத்த அறை. உயரமாக, ஒல்லியாக, எப்போதும் எங்கேயோ புறப்பட்டுக்கொண்டிருப்பவர் போல இருப்பார். நின்றுகொண்டே காபி குடிப்பார். நடந்துகொண்டே பாடம் படிப்பார். நான் கட்டிலில் சாய்ந்து ஏதாவது கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தால், வாசலில் நின்று, "ஏய் கலா, உன்னை அந்தப் புத்தகம் முழுங்கிடுச்சா, இல்ல இன்னும் வெளிய கால் தெரியுதா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார்.

லோகாம்பாள் அம்மா அப்போது ஓர் உழவாரக் குழு நடத்திவந்தார். ஒவ்வொரு விடுமுறையிலும் இருபது முப்பது மாணவிகளைப் பாழடைந்த ஏதாவது ஒரு கோயிலுக்கு அழைத்துப் போவார். களை பிடுங்குவது, சுவரைப் பிளக்கும் அரசங்கன்றை வேரோடு எடுப்பது, எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்ப்பது, குளத்துப் பாசியை அள்ளுவது. கடைசி நாள் விளக்கேற்றிப் பதிகம் பாடிவிட்டு வருவோம். விடுமுறையில் வீட்டில் இருந்தால் கல்யாணப் பேச்சு எடுப்பார்கள் என்று வந்தவர்களும் உண்டு. உண்மையான பக்தியால் வந்தவர்களும் உண்டு. நான் எந்த வகை என்று எனக்கே தெரியாது.

சைவப் பெண்களின் இந்தக் கூட்டத்தில் ஒரு சமணப் பெண் எப்படி வந்து சேர்ந்தார் என்று எல்லோரும் கேட்பார்கள். விடுதித் தோழிகள் கேலி செய்வார்கள். "உழவாரத்தைத் தோள்ல தூக்கினவரே மொதல்ல உங்க ஆளுதானே. கட்சி மாறி இங்க வந்தாரு. நீயும் அந்த வழியா?" அக்கா சிரிப்பார். "நான் கட்சி மாறல. எங்க வீட்ல ஏர் ஓட்றவங்க. களை பிடுங்கறதுக்கு எந்தச் சாமி தோட்டமா இருந்தா என்ன?"

குழுவுக்குள் அவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். பிடுங்கிய களையையும் வெட்டிய புதரையும் அன்றே கொளுத்த விடமாட்டார். குவித்து வைத்து, கோலால் மெதுவாகத் தட்டி, அப்படியே விட்டுவிடச் சொல்வார். "உள்ள எறும்பு, பூச்சி, ஓணான் குட்டி எவ்ளோ இருக்குது. ராத்திரிக்குள்ள அதுங்க வேற எடம் பாத்துக்கும். நாளைக்குக் கொளுத்தலாம்." முதலில் முணுமுணுத்தவர்கள் பிறகு பழகிவிட்டார்கள். லோகாம்பாள் அம்மாவே மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வார். அந்த வழக்கத்தை இங்கே எழுதக் காரணம் உண்டு. அக்காவின் பிற்கால வாழ்க்கை முழுவதும் அதிலிருந்துதான் வந்தது.

அந்த வருடம் மார்கழி விடுமுறைக்கு எங்கள் குழு திருவண்ணாமலைக்கு வந்தது. அது என் ஊர். தீபக் கூட்டம் கலைந்து, மழை ஓய்ந்து, மலை பச்சையாக இருந்த நாட்கள். மலை சுற்றும் பாதையில் அடி அண்ணாமலைக்குச் சற்று முன்னால் ஒரு கல் மண்டபம். யாரோ ஒரு வியாபாரக் குடும்பத்தின் முன்னோர் யாத்திரிகர்களுக்காகக் கட்டியது. அந்தக் குடும்பம் வெளியூருக்குப் போய்விட்டது. அவர்கள் சார்பில் ஓர் ஏஜென்ட் மட்டும் டவுனில் இருந்தார். மண்டபத்தின் கூரையில் செடி முளைத்து, சுற்றிலும் முள் அடைந்து கிடந்தது. சிறு வயதிலிருந்து எத்தனையோ தடவை அதைத் தாண்டி நடந்திருக்கிறேன். அதன் உள்ளே ஒரு தடவையும் பார்த்ததில்லை.

உள்ளே அஞ்சலை இருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கணவர் இறந்துவிட்டார். ஒரு பெண் குழந்தை. வேர்க்கடலை அவித்து விற்றும், கடலை இல்லாத காலத்தில் மலையிலிருந்து விறகு கொண்டுவந்து விற்றும் பிழைத்தார். மண்டபத்தின் ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் பாய். தூணெல்லாம் கரி. மண்வெட்டியும் கடப்பாரையுமாக இத்தனை பெண்களைப் பார்த்து அவர் திகைத்து எழுந்தார்.

"யாருமா நீங்கள்லாம்? எதுனா கணக்கெடுக்க வந்தீங்களா?"

"இல்லைங்க. காலேஜ் பொண்ணுங்க. மண்டபத்தைச் சுத்தம் பண்ண வந்திருக்கோம்" என்றார் ராஜமதி அக்கா.

"நான் தெனம் பெருக்குறனே. அழுக்கா கீதுன்னு யாரு சொன்னது?"

அக்கா தடுமாறிவிட்டார். பிறகு இருவருமே சிரித்துவிட்டார்கள். வேலை முடியும்வரை எதிரில் உள்ள புளியமரத்தடிக்குப் போய் இருக்க அஞ்சலை சம்மதித்தார். சட்டி பானைகளை அக்காவே தூக்கிக்கொண்டு போய் வைத்தார். "முடிஞ்ச ஒடனே நீங்க திரும்பி வந்துடலாம். நல்லா இருக்கும் பாருங்க" என்று அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பின்னாளில் இந்த வாக்கியத்தை அவர் தமக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வதையும் கேட்டிருக்கிறேன்.

அஞ்சலைக்கும் அக்காவுக்கும் சிநேகம் ஏற்பட்டது சாப்பாட்டு நேரத்தால். அக்கா பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார். அது அவர் குடும்ப வழக்கம். எங்கள் குழுச் சமையல் எப்போதும் இருட்டித்தான் முடியும். அஞ்சலையோ மண்ணெண்ணெய் செலவு மிச்சம் என்று வெளிச்சம் இருக்கும்போதே களி கிண்டிச் சாப்பிட்டுவிடுவார். ஆகவே அக்காவுக்குப் புளியமரத்தடியில் சாப்பாடு. கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும்.

"இருட்னா வேணாம், வெங்காயம் வேணாம், எறும்ப மிதிக்கக் கூடாது" என்று அஞ்சலை விரல் மடக்கிச் சொல்வார். "உங்க சாமி ரொம்ப கண்டிசன்மா. எங்க சாமி பாரு, எது குடுத்தாலும் துன்னும்."

"உங்க சாமிக்கு வயிறு கெட்டுப்போவும் பாருங்க" என்பார் அக்கா.

வேலை நன்றாக நடந்தது. கரியைச் சுரண்டச் சுரண்டத் தூண்களில் கொடிகளும் அன்னங்களும் வெளியே வந்தன. நாங்கள் எல்லோரும் ஒருவித ஆவேசத்தில் இருந்தோம். பாழாய்க் கிடந்த ஒன்று கண் முன்னால் அழகாவது இளம் வயதில் தரும் போதை பெரியது. ராஜமதி அக்காவுக்கு அது தாங்கவில்லை. நிறைவு நாளன்று அவரே டவுனுக்கு நடந்து போய், அந்த ஏஜென்ட்டைக் கையோடு அழைத்து வந்தார். "வந்து பாருங்க சார். உங்க மொதலாளி வீட்டுத் தாத்தா கட்டினது எவ்ளோ அழகா இருக்குதுன்னு அவங்களுக்கு எழுதுங்க." அவர் ஒவ்வொரு தூணாகத் தடவிப் பார்த்தார். "அடேங்கப்பா! இதுவா அது?" என்றார். எங்களுக்கெல்லாம் பொரிகடலை வாங்கிக் கொடுத்தார்.

விளக்கேற்றினோம். பாடினோம். அஞ்சலையின் அடுப்புக் கற்களை அக்கா பழைய மூலையிலேயே கொண்டுவந்து வைத்தார். களைக்குவியல்கள் மட்டும் மறுநாளுக்காகக் காத்திருந்தன. காலையில் அவற்றைக் கொளுத்திவிட்டுப் பஸ் ஏறினோம்.

கோடை விடுமுறையில் அதே பாதையில் இன்னொரு மண்டபத்தைச் சுத்தம் செய்ய வந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்கா முதலில் அஞ்சலையைப் பார்க்கத்தான் ஓடினார். அஞ்சலையின் பெண்ணுக்குப் பாவாடைத்துணி வாங்கி வந்திருந்தார். பின்னால் நானும் போனேன்.

மண்டபத்துக்கு இரும்புக் கம்பிக் கதவு போட்டிருந்தார்கள். பெரிய பூட்டு. கட்டியவர் பெயரைப் புதிதாக எழுதிய பலகை. உள்ளே கோலம் போட்டிருந்தது. ஆள் இல்லை.

எதிரில் டீக்கடை வைத்திருந்த அம்மாளிடம் அக்கா கேட்டார், "இங்க இருந்தாங்களே, அஞ்சலை, அவங்க எங்க?"

அந்த அம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான வந்து தேச்சிட்டுப் போனவங்க? நீங்க போன ஒடனே ஆள் வந்துட்டாங்க. சட்டி பானைய ரோட்ல வெச்சாங்க. பொண்ண இட்டுக்கினு போயிட்டா. எங்கன்னு தெரியாது."

"எதுக்காக? அவங்க ரொம்ப வருஷமா இருந்தாங்களே?"

"இருந்தா. அழுக்கா இருந்த வரைக்கும் அது அவ வூடு. நீங்க சுத்தம் பண்ணீங்க. சாமி வூடாயிடுச்சு."

அக்கா அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயிலில் கம்பி கொதித்திருக்கும். கையை எடுக்கவில்லை. அன்று மாலை, பொழுது சாயும் முன் சாப்பிடக் கூப்பிட்டபோது, என்னிடம் சொன்னார்: "எறும்பு எங்க போவும்னு யோசிச்சேன் கலா. அவங்க எங்க போவாங்கன்னு யோசிக்கல. நானே போய் அந்த ஆளைக் கூட்டிட்டு வந்தேன்."

மறுநாள் காலை குழு வேலைக்குக் கிளம்பியது. அக்கா கிளம்பவில்லை. லோகாம்பாள் அம்மா காரணம் கேட்டார். அம்மா கொடுமைக்காரர் அல்லர். தம் நகையை அடகு வைத்துக் குழுவுக்குக் கடப்பாரை வாங்கியவர். அவருக்கும் வருத்தம் இருந்தது. ஆனால் வருத்தத்தை ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்க்க அவருக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது.

"ஊருக்கு ஊர் ஏழைங்க இருக்காங்க ராஜமதி. ஒரு விடுமுறையில நம்மால என்ன முடியுமோ அதைத்தானே செய்ய முடியும்?"

"விடுமுறை நமக்குத்தானேம்மா. அவங்களுக்கு ஏது லீவு?"

"இப்ப என்ன, சுத்தம் பண்ணது தப்புங்கறியா?"

"யாரும் இல்லாத எடம்னு நெனச்சுப் பண்ணது தப்பு. ஆள் இருந்தாங்க. நம்ம கண்ணுல அவங்க தூண்ல இருந்த கரி மாதிரி இருந்தாங்க."

"வார்த்தையை அளந்து பேசு."

அக்கா அளந்து பேசவில்லை. அவருடைய குறைகளில் அது ஒன்று. இருபது பெண்களுக்கு முன்னால் சொல்லக் கூடாத சிலவற்றையும் சொன்னார். அம்மா அழவில்லை; கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அன்றோடு அக்கா குழுவை விட்டு விலகினார்.

அதன்பின் ஒவ்வொரு விடுமுறைக்கும் அக்கா தனியாகத் திருவண்ணாமலைக்கு வந்தார். எங்கள் வீட்டில் தங்குவார். என்னையும் இழுத்துக்கொண்டு கடலை மில், செங்கல் சூளை, சந்தை, பஸ் நிலையம் என்று அலைவார். "அஞ்சலைன்னு ஒருத்தங்க, கூட ஒரு பொண்ணு" என்று கேட்பார். வட ஆற்காட்டில் அஞ்சலை என்று ஒருவர் இல்லாத தெரு உண்டா? எத்தனையோ அஞ்சலைகளைப் பார்த்தோம். என் அம்மா தோசை வார்த்துக்கொண்டே, "இந்தப் பொண்ணுக்குக் காலு தரையில பாவாதா? ரெண்டு நாள் உக்காரச் சொல்லேன்" என்பார். நான் சொன்னால் அக்கா, "உக்காந்தா அந்தப் பூட்டு கண்ணுல வருது" என்பார்.

ஏஜென்ட்டிடமும் போனோம். அவர் மரியாதையாகவே பேசினார். "அவங்க அடுப்பெரிச்சா மறுபடியும் கரி பிடிக்கும் இல்லைங்களா? நீங்கதானேம்மா வந்து பாருங்கன்னு கூப்பிட்டீங்க?" இருந்தும் ஒவ்வொரு விடுமுறையிலும் அவரிடம் போனார்.

அஞ்சலையை அக்கா கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. அஞ்சலைதான் அவர் முன் வந்து நின்றார். அதற்குள் அக்கா எம்.ஏ. முடிக்கும் தறுவாயில் இருந்தார். ஒரு பொங்கல் விடுமுறையில் இருவரும் பஸ்ஸில் வேலூர்ப் பாதையில் வந்துகொண்டிருந்தோம். வேங்கிக்கால் அருகே பஸ் நின்றது. வழக்கம்போல அவித்த கடலைத் தட்டு ஒன்று ஜன்னலோரம் உயர்ந்தது. "கல்லே, கல்லேய், சூடா..." தட்டுக்குக் கீழே அஞ்சலையின் முகம். அக்காவைப் பார்த்ததும் அந்தக் குரல் பாதியில் நின்றது. தட்டை இறக்கிக்கொண்டு அடுத்த ஜன்னலுக்குப் போய்விட்டார். பஸ் நகர்ந்துவிட்டது. அக்கா கண்டக்டரைத் தள்ளிக்கொண்டு குதித்தார். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி ஓடிவந்தேன்.

ஏரிக்கரைச் சரிவில் கரும்புச் சோகை வேய்ந்த ஒரு குடிசை. வாசலில் இருவரும் நின்றிருந்தார்கள். அஞ்சலை இடுப்பில் தட்டுடன் வழியை மறித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எதுக்கு வந்த? இதையும் சுத்தம் பண்ணப் போறியா?"

அக்கா கை கூப்பினார்.

"கும்புடு போடாத. எனுக்கு ஒண்ணும் வேணாம். ஒன் வாயால சொன்ன, முடிஞ்ச ஒடனே வந்துடுன்னு. வந்தேன். அந்த எடத்துல எம் புருசன் செத்தாரு. எம் பொண்ணு அங்கதான் பொறந்துது. ரோட்ல வெச்சானுங்க."

"எங்க தப்புதான். என் தப்பு."

"தப்புன்னா? இப்ப இந்தக் கரையக் காலி பண்ணச் சொல்றானுங்க. ஏரி ஒடைப்பு எடுக்குமாம். அப்பறம் எங்க போவேன், சொல்லு. எறும்புக்குச் சொல்லுவியே, வேற எடம் பாத்துக்கும்னு. எனுக்குப் பாரு ஒரு எடம்."

கோபத்தில் சொன்ன சொல். அக்கா அதை வேலையாக எடுத்துக்கொண்டார்.

படிப்பு முடிந்ததும் சென்னையில் கிடைத்த வேலையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தார். அவருடைய அப்பா கிராமத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்து புலம்பினார். "வேற சாமி மண்டபத்துல நாலு செடி புடுங்கனதுக்கு ஆயுசுக்கும் அபராதமாம்மா? எங்க சாஸ்திரத்துல கூட இவ்ளோ இல்லியே." அக்கா அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்து, "சாஸ்திரத்துல எல்லாமா எழுதுவாங்க, குடிங்கப்பா" என்றார். அவர் சிரித்துவிட்டார். கல்யாணப் பேச்சு அதற்குப்பின் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. அதில் அக்காவுக்கு வருத்தம் இருந்ததா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

விடுமுறைப் பயணங்கள் நிற்கவில்லை, மாறின. பழைய குழுவிலிருந்து சிலர், அவர்களுடைய தங்கைகள், பிறகு வேறு கல்லூரிகளின் பெண்கள் என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் ஏழெட்டுப் பேர் வருவார்கள். கோயில் வேலையை அக்கா கைவிடவில்லை. ஆனால் ஒரு விதி வைத்தார். ஓர் இடத்தில் அடுப்பு எரிந்த அடையாளம் இருந்தால், அந்த அடுப்புக்கு உரியவர் எங்கே என்று தெரியும்வரை யாரும் உழவாரத்தைத் தொடக் கூடாது. சில விடுமுறைகள் அந்த விசாரணையிலேயே கழிந்துவிடும். புண்ணியம் தேடி வந்த பெண்கள் சலித்துக்கொள்வார்கள். "நாங்க என்னக்கா செஞ்சோம் இந்தப் பத்து நாளா? நடந்தோம், பேசினோம். அவ்ளோதானே?" "அவ்ளோதான்" என்பார் அக்கா. "செடி பிடுங்கினா போட்டோ எடுக்க நல்லா இருக்கும். இது இருக்காது."

மற்ற விடுமுறைகளில் அஞ்சலையின் குடிசைக்கும் கரையில் இருந்த மற்ற குடிசைகளுக்கும் மழைக்கு முன் சோகை மாற்றுவது வேலை. கரையில் இருந்த நாலைந்து குடும்பங்களுக்கு மேட்டில் வீட்டுமனை வேண்டும் என்று அக்கா மனு எழுதாத அதிகாரி இல்லை. பள்ளி விட்டதும் சைக்கிளில் ஆபீஸ் ஆபீஸாகப் போவார். இத்தனை வருடத்திலும் அஞ்சலை அவரை மன்னித்ததாக ஒரு சொல் சொன்னதில்லை. திட்டிக்கொண்டே களி போடுவார். திட்டு வாங்கிக்கொண்டே அக்கா சாப்பிடுவார், வெளிச்சம் இருக்கும்போதே. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. இது எப்போது தீரும், யார் சொல்லித் தீரும் என்று தோன்றும். அக்காவிடம் கேட்டேன். "தீர்றதுக்கா போறேன்? அவங்க கையில எடம் வரணும். அதுக்கப்பறம் அவங்க என்னைத் திட்டினா அவங்க சொந்த வாசல்ல நின்னு திட்டட்டும்" என்றார்.

இந்த வருடம் மனை ஒதுக்க உத்தரவு வந்தது. ஊரை அடுத்த மேட்டில் இடம். சர்வேயர் வந்து அளந்து கல் நட வேண்டும். அன்று ஆள் இருக்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் அக்காவின் கண் மஞ்சளானது. தகவல் தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர் அறைக்குப் போனேன். அஞ்சலை கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக்கொண்டிருந்தார்.

"பாரு இத்த. படுன்னா படுக்கல. சர்வேயர் வருவான்னு நேத்து மத்தியானம் வெயில்ல போயி மேட்ல நிக்குது. அவன் வரல."

"நாளைக்கு வரேன்னு சொல்லியிருக்காரு" என்றார் அக்கா.

"நான் நிக்கமாட்டேனா? எனுக்குக் காலு இல்லியா?"

"உங்களைப் போ வான்னு அனுப்பிடுவாங்க."

"அனுப்புவான். அனுப்பட்டும். நீ செத்துட்டா எவன் வருவான்?"

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பில் பல் வெள்ளையும் கண் மஞ்சளும் தெரிந்தன. என்னை வேலூருக்குத் திரும்பச் சொன்னார். "லைப்ரரி பூட்டிக் கெடந்தா புத்தகமெல்லாம் அழுவும். போ." போய்விட்டேன். மறுநாளும் அவர் மேட்டுக்குப் போயிருக்கிறார். அங்கேயே மயங்கி விழ, அஞ்சலைதான் மாட்டுவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். அந்த வாரம் முடிவதற்குள் போன் வந்துவிட்டது.

அவருக்கு முப்பத்தொரு வயது. அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள்.

கிராமத்திலிருந்து நான் வேலூருக்குப் போகவில்லை. திருவண்ணாமலையில் அம்மா வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை அஞ்சலை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "இன்னிக்கு அளக்க வரானாம். நீ கூட வந்து நிக்கிறியா? எதுனா கேட்டா எனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது." அவ்வளவுதான் கேட்டார். கிளம்பினேன்.

மேட்டில் நிழல் இல்லை. சர்வேயர் இளைஞர், சங்கிலியை இழுக்க இரண்டு ஆட்கள். டீச்சர் எங்கே என்று கேட்டார். சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். "திங்கக்கெழமையே வந்திருக்கணும்மா. வேற எடத்துல மாட்டிக்கினேன்" என்றார். அளந்தார்கள். முதலில் அஞ்சலையின் மனை. நாலு மூலைக்கும் கல் நட்டார்கள். மண் இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் கடப்பாரை போட வேண்டியிருந்தது.

முடிந்ததும் அஞ்சலை கல்லுக்குக் கல் போய்த் தொட்டுப் பார்த்தார். பிறகு நாலு கல்லுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் அழாதவர், அக்காவை வண்டியில் ஏற்றியபோதும் அழாதவர், அங்கே உட்கார்ந்து மண்ணில் அடித்துக்கொண்டு, போய்விட்ட அக்காவைக் கூப்பிட்டு அழுதார்.

"வாம்மா, வந்து உக்காரு. இது எம் வூடு. எவனும் கேக்கமாட்டான். வந்து உக்காரு, அம்மா."

சர்வேயரின் ஆட்கள் சங்கிலியைச் சுற்றிக்கொண்டே அடுத்த மனைக்குப் போனார்கள். இன்னும் மூன்று மனைகள் அளக்க வேண்டியிருந்தது. நான் பின்னால் போனேன்.

ராஜமதி அக்கா, போய் வாருங்கள். உங்கள் இடத்தை அஞ்சலை காட்டிவிட்டார். வெளிச்சம் இருக்கும்போதே.